பட்டறைக்குள் ஒரு தமிழ் வகுப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடி, கவிதை படித்து, நூல்களைத் திறனாய்ந்து வரும் ஓர் அமைப்பின் விழாவில், மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று எண்ணுவோர் இங்கே இருக்கலாம். தலைப்பைத் தெரிவித்தபோது நம் செயலாளர் சிறிது நேரம் மறுமொழி சொல்லவில்லை. பிறகு, "ஐயா, இதில் தமிழ் எங்கே வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லவே வந்திருக்கிறேன். தொழிற்கல்வி மாணவர் தேர்ச்சி பெறுவதும் தவறுவதும், பள்ளிக்கு மனமொப்பி வருவதும் பாதியில் நின்றுவிடுவதும், அவரை நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம், அவரிடம் உள்ள சொல்லை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தவை. அப்படிப் பார்த்தால் இது சொல்லைத் தொழிலாகக் கொண்டோரின் அவையில் பேச வேண்டிய பொருளே ஆகும்.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே, பொதுப் பாடப் பிரிவுகளோடு தொழிற்கல்விப் பிரிவும் உடன்பிறந்தது. இயந்திரவியல், மின்பொறியியல், வேளாண் அறிவியல், நெசவு, ஆடை வடிவமைப்பு, செவிலியம், அலுவலக மேலாண்மை என்று அதன் கிளைகள் பல. பெயர்கள் காலந்தோறும் சிறிது மாறின. மாணவர்கள் தமிழும் ஆங்கிலமும் மற்றவர்களைப் போலவே படிப்பார்கள்; அவற்றோடு ஒரு தொழிலின் கருத்தியலையும் செய்முறையையும் படிப்பார்கள். அதே 1978இல்தான், மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி ஆராய்ந்த தேசியக் குழு தன் அறிக்கையைத் தந்தது. அதன் தலைவர் வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய மால்கம் ஆதிசேசய்யா. 'செய்யக் கற்றல்' என்று பொருள்படும் தலைப்பை அந்த அறிக்கைக்கு இட்டார்கள். நம் மண்ணின் அறிஞர் ஒருவர் தலைமையில் உருவான சிந்தனை அது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பிறகு வந்தது 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும், 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவருவது அதன் இலக்கு. 1992இல் கொள்கையைத் திருத்தியபோது அதே விழுக்காடுகளுக்கு 1995, 2000 என்று தவணை நீட்டினார்கள். அந்தத் தவணையும் கழிந்தது, இலக்கு எட்டப்படவில்லை. கருவி இல்லை, ஆசிரியர் இல்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியரின் இடம் நிரப்பப்படாமல், பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்கும் பள்ளிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆயினும் அந்தக் காரணத்தோடு நாம் நின்றுவிட முடியாது. ஆசிரியரும் கருவியும் உள்ள பள்ளியிலும் பெற்றோர் தம் பிள்ளையை அந்தப் பிரிவில் சேர்க்கத் தயங்குகிறார்கள். ஏன்?

இந்தத் தயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் முதலமைச்சராக இருந்த இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், ஊர்ப்புறப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. 'குலக்கல்வி' என்று பெயர்பெற்று, கடும் எதிர்ப்பைச் சந்தித்த அத்திட்டம், 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும், பள்ளியில் ஒரு பிள்ளையின் கையில் உளியையோ அரத்தையோ கொடுத்தால், "என் மகனைப் படிக்க அனுப்பினேனா, வேலைக்கு அனுப்பினேனா?" என்று ஒரு தந்தை கேட்கிறார். அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவோர் இந்த மாநிலத்தின் வரலாற்றை அறியாதவர். தொழிற்கல்வியை உயர்த்த நினைப்பவர் எவரும் அந்தத் தந்தைக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். அந்த விடைக்குப் பிறகு வருகிறேன்.

மாணவரை நாம் அழைக்கும் பெயரை முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுவாரம், சேர்க்கைக்காகப் பள்ளி அலுவலக வாயிலில் பெற்றோர் நிற்பார்கள். மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் ஆசிரியர், "இதுக்கு ஒக்கேஷனல்தான் கிடைக்கும்" என்பார். 'இதுக்கு' என்ற அஃறிணைச் சுட்டைக் கவனியுங்கள். அது மதிப்பெண்ணைக் குறிக்கிறதா, பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் குறிக்கிறதா என்பது விளங்காது. பிள்ளைக்கு மட்டும் ஐயமில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறான். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவன் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு பள்ளிக்குள் நடக்கிறான். தொழிற்கல்வி விருப்பத்தோடு தேர்ந்தெடுக்கப்படாமல், எஞ்சியதாக வந்து வாய்ப்பதே அவன் முதல் துன்பம்.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் அன்று. செருமனியில் தொழில் பயிலும் இளைஞரைப் பழைய முறைப்படி 'லேர்லிங்' என்று அழைத்து வந்தார்கள். ஆசானிடம் எடுபிடி வேலை செய்யும் சிறுவன் என்ற வாடை அந்தச் சொல்லில் ஏறியிருந்தது. 1969ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டம் அதை விலக்கி, 'பயிற்சி பெறுபவர்' என்று பொருள்படும் வேறு சொல்லை வைத்தது. அங்கே தொழிற்சாலையில் சில நாளும் தொழிற்பள்ளியில் ஓரிரு நாளுமாகப் படிக்கிறார்கள். அந்தத் தொழிற்பள்ளியில் தாய்மொழியும் ஒரு பாடம் என்பதை நம் கவிஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. ஐ.டி.இ. என்ற அதன் மூன்றெழுத்துக்கு, 'இத்தோடு முடிந்தது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை விரிவாக்கமாகச் சொல்லி மக்கள் கேலி செய்தார்கள். பெயரை மட்டும் மாற்றினால் கேலி போகாது என்பதை உணர்ந்த அந்நாடு, 2005, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் பல்கலைக்கழக வளாகங்களுக்கு ஒப்பான மூன்று பெரும் வளாகங்களைக் கட்டித் திறந்தது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சி பெறாத பிள்ளைகளுக்கென்றே 2007இல் நார்த்லைட் பள்ளியைத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிகளில் மாணவரை விரைவு, வழக்கநிலை என்று பெயரிட்டுப் பிரித்த முறையும் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து நீக்கப்பட்டது. சிறிய நாடு, செல்வ நாடு, ஆகவே முடிந்தது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாணவனைப் பெயர் சொல்லி அழைப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை.

நிற்க. மனநலம், நல்வாழ்வு என்றெல்லாம் இக்காலத்தில் பேசுகிறோம். பள்ளிகளுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை அழைத்து வருகிறோம். அவர்கள் ஒலிபெருக்கியில், "உன்னால் முடியும்" என்று முழங்கிவிட்டுப் போகிறார்கள். பசியோடும் உறக்கமின்றியும் இருப்பவனிடம், 'உன்னால் முடியும்' என்பது ஏறக்குறைய ஓர் ஏளனம். நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் இயந்திரவியல் பிரிவின் வருகைப் பதிவேட்டை ஓர் ஆண்டு பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தோம். மார்கழியில் வகுப்பு நிறைந்திருந்தது. தை பிறந்ததும் குறைந்தது. வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் வரும் வாரங்களிலும் அதே நிலை. பையன்கள் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போயிருந்தார்கள். முதல்நாள் மாலை பாத்திரம் இறக்குவது தொடங்கி மறுநாள் மதியம் இலை எடுப்பது வரை வேலை. மறுநாள் பள்ளிக்கு வந்தவனும் முதல் பாடவேளையில் உறங்கினான். இன்னும் சிலர் விடியற்காலையில் பால் போடுபவர்கள், செய்தித்தாள் போடுபவர்கள். செய்முறைத் தேர்வு நெருங்கும் மாசி மாதமும் முகூர்த்த மாதம் என்பதை, தேர்வு அட்டவணை வகுப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதற்கு முன் இந்த வருகைக் குறைவைச் 'சோம்பல்' என்று பதிவேட்டில் எழுதி வந்தார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகு அப்படி எழுத யாருக்கும் கை வரவில்லை. செய்தவை சிறியவைதாம். முகூர்த்த நாளில் விட்டுப்போன செய்முறையைச் சனிக்கிழமை முற்பகலில் செய்துகொள்ள வழி செய்யப்பட்டது. இரவு உறங்காதவனைக் கடைசல் பொறியின் அருகே விடுவதில்லை என்று பட்டறை ஆசிரியர் ஒரு விதி வகுத்தார். அவன் நூலக அறையின் நீண்ட பலகையில் ஒரு பாடவேளை உறங்கிவிட்டு வரலாம். ஒழுங்கு கெடும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். விரல் போவதைவிட ஒழுங்கு கெடுவது மேல் என்றார் அவர்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பின்னர் பத்தாம் வகுப்பு வரை விரிவாக்கப்பட்டது. அதன்பின் அது நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் உண்ட பிள்ளை, பதினோராம் வகுப்பில் அதே வளாகத்தில், அதே சமையற்கூடத்தைக் கடந்து, வெறும் வயிற்றோடு பட்டறைக்குப் போகிறது. பதினாறு வயதில் பசி கூடுமே அன்றிக் குறையாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகப் பட்டறை நாட்களில் மட்டும் சிலருக்கு மதிய உணவு ஏற்பாடு செய்தோம். யாருக்கு என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது என்பதில் தலைமையாசிரியர் கண்டிப்பாக இருந்தார். அந்தக் கண்டிப்பு உணவைவிடப் பெரிது என்று இன்றும் கருதுகிறேன்.

இனி, என் துறைக்கு வருகிறேன். என் அனுபவத்தில், தொழிற்கல்வி மாணவர் பெரும்பாலும் செய்முறையில் தவறுவதில்லை. எழுத்துத் தேர்வில், அதிலும் மொழிப்பாடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். விடைத்தாளில் வினா எண்ணை மட்டும் எழுதி, கீழே வெற்றிடம் விட்டிருப்பார்கள். செய்முறைப் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் முத்து முத்தாக இருக்கும். முந்திய ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தது அது. தன் கையால் செய்த வேலையைத் தன் சொல்லால் எழுத ஒருவரும் துணிவதில்லை. 'எங்களுக்குத் தமிழ் வராது ஐயா' என்பார்கள். தமிழ்நாட்டில், தமிழ் வீட்டில் பிறந்து, வேறு மொழி அறியாத பிள்ளை தனக்குத் தமிழ் வராது என்று சொல்கிறது. அன்பர்களே, இதை விடக் கடுமையான வாக்கியம் ஒன்றை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை.

ஆகவே ஒரு வேலை கொடுத்தோம். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும்; தம் வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் வழங்கும் தொழிற்சொற்களை நாளுக்கு இரண்டாக அதில் எழுதி, அது எதைக் குறிக்கிறது என்று தம் சொல்லில் விளக்க வேண்டும். அதற்குச் 'சொல்லேடு' என்று பெயரிட்டோம். மதிப்பெண் கிடையாது. எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையும் கிடையாது.

முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன் 'ரசமட்டம்' என்று எழுதி வந்தான். கண்ணாடிக் குழலில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத் தளத்தின் மட்டம் அறியும் கருவி அது. அதன்பின் மூலைமட்டம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை என்று வரிசையாக வந்தன. தச்சர் வீட்டிலிருந்து இழைப்புளி வந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா என்று ஒரு தறியையே ஏட்டுக்குள் இறக்கிவிட்டான். கடைசல் பட்டறையில் மாலையில் வேலை செய்தவன் புரி, மரை, பிசிறு என்று எழுதினான். 'பதம்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஐந்து விளக்கங்கள் வந்தன. கலவையின் பதம் வேறு, சூடேற்றிய இரும்பின் பதம் வேறு, பாகின் பதம் வேறு, பாவுக்கு இடும் கஞ்சியின் பதம் வேறு, உழவுக்கு மண்ணின் பதம் வேறு. இலக்கண வகுப்பில் பலபொருள் ஒருசொல்லுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் விழிக்கும் வகுப்பு அது.

பாடநூலின் கலைச்சொற்களை நான் குறைசொல்ல வரவில்லை. நல்ல தமிழில் அறிவியல் எழுத வேண்டும் என்று உழைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். வெர்னியர் அளவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவை 'மீச்சிற்றளவு' என்கிறது பாடநூல். எவ்வளவு அழகிய சொல்! ஆனால் அதே பாடநூலில் துளையிடும் கருவி 'துரப்பணம்' என்று வரும்போது, பட்டறையில் 'டிரில்' என்றும் வீட்டில் 'துளை போடுற மிஷின்' என்றும் சொல்லிப் பழகிய பையன் திகைக்கிறான். மூன்று சொல்லும் ஒரே பொருளைக் குறிப்பவை என்று யாரேனும் அவனுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்றையும் வைத்துக்கொள்வான். சொல்லாவிட்டால் தன்னுடையது தவறான சொல் என்று முடிவு கட்டி, வாய் மூடிக்கொள்வான்.

வெர்னியர் அளவியைக் குறிப்பிட்டேன். அதைச் சிறிது விளக்க வேண்டும். முதன்மை அளவுகோலில் ஒரு பிரிவு 1 மில்லிமீட்டர். அதன்மேல் நகரும் சிறு அளவுகோலில், 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 சம பாகங்களாகப் பிரித்திருப்பார்கள். இரண்டின் பிரிவுகளுக்கும் உள்ள வேறுபாடு 0.02 மில்லிமீட்டர், அதுவே மீச்சிற்றளவு. இரு அளவுகோல்களிலும் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு இணைகிறது என்று கண்ணால் கண்டு, எண்ணி, பெருக்கி, கூட்டிச் சொல்ல வேண்டும். கணக்கில் தவறியதால் இந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட பையன், இதை மூன்று நொடியில் சொல்கிறான். அவனுக்குக் கணக்கு வராது என்று சொன்னவர் யார்? அளக்கத் தொடங்குமுன் கருவியின் சுழிப்பிழையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பட்டறையின் முதல் பாடம். மாணவரை அளப்பதற்கும் அது பொருந்தும்.

நெசவுப் பிரிவில் நூல் எண் பற்றிய பாடம் வரும். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ, அதுவே பருத்தி நூலின் எண். 40ஆம் எண் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். எண் கூடக் கூட நூல் மெலியும். பாடநூல் இதை ஒரு வாய்பாடாகத் தருகிறது; பிள்ளைகள் குழம்புகிறார்கள். நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "எண்பதாம் நம்பர் கையில நிக்காது, ஐயா, நாப்பது நிக்கும்" என்றாள். அவள் விரல் அறிந்ததைப் பிறகு வாய்பாட்டோடு இணைப்பது பெரிய வேலையாக இல்லை.

செவிலியப் பிரிவு மாணவியரிடம் நான் கற்றுக்கொண்டது இன்னும் அதிகம். மருத்துவமனைக்குப் பயிற்சிக்குச் சென்ற அவர்களிடம், நோயாளிகள் வலியை எந்தெந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று குறித்து வரச் சொன்னேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, தெறிப்பு, மதமதப்பு என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றும் வேறு வலி. மூட்டில் இருப்பது குடைச்சல். அதைக் குத்தல் என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டாள். ஆனால் நோயாளிக் குறிப்பில் எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லக் கூடிய செவிலியர் நோயாளிக்கு எவ்வளவு பெரிய துணை! அந்த மாணவியருக்கு முதன்முறையாகத் தம் மொழியறிவு தம் தொழிலின் கருவி என்று தோன்றியது. கவிஞர்களே, வலிக்கு இத்தனை சொல் உள்ள மொழியில் நாம் 'வேதனை' என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கையாள்வது ஏன் என்றும் எனக்குத் தோன்றியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லேட்டிலிருந்து கட்டுரைக்கு நகர்ந்தோம். 'ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதுக' என்பதுதான் தலைப்பு. சுவர் எழுப்புவதைப் பற்றி ஒருவன் இரண்டு பக்கம் எழுதினான். செங்கல்லை நீரில் நனைக்காமல் வைத்தால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு பிடிப்பு இராது என்று காரணத்தோடு எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய; வாக்கியங்கள் நிமிர்ந்து நின்றன. மொழித் தாளில் வெற்றிடம் விட்டு வந்தவர்கள் அந்த ஆண்டு ஏதேனும் எழுதிவிட்டு வந்தார்கள். எல்லாரும் தேர்ச்சி பெற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். நன்றாகச் சொல்லேடு எழுதிய ஒருவன், தந்தை பட்ட கடனுக்காகப் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சொல்லேடு கடனை அடைக்காது. அவன் ஏடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பட்டறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும், உடன் படித்த மாணவர்களால் சாதியின் பெயரால் வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. சாதிக்கொரு நிறம் என்று கயிறு கட்டும் வழக்கத்தை அறியாதார் இங்கே இருக்க மாட்டார்கள். பட்டறையில் இந்த விதி முன்பே உண்டு. சுழலும் கடைசல் பொறியின் முன் கயிறு, மோதிரம், தொங்கும் துணி எதுவும் இருக்கலாகாது. சிக்கினால் கையை இழுத்துவிடும். வகுப்பறையில் கழற்ற மறுத்த கயிற்றை, பட்டறை வாயிலில் பையன்கள் தாமே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். வெளியே வந்ததும் மீண்டும் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. மறந்தாற்போல விட்டுவிடுபவர்களும் உண்டு. ஒரு பொறியை இருவர் பகிர்ந்து இயக்க வேண்டியிருப்பதால், ஒருவன் விரலுக்கு மற்றவன் பொறுப்பாகிறான். நல்லிணக்கம் பற்றி நான் எழுதிய பாடக்குறிப்புகள் எவையும் இதற்கு ஈடாகவில்லை.

அந்தத் தந்தைக்குச் சொல்ல வேண்டிய விடைக்கு இப்போது வருகிறேன். வீட்டுத் தொழிலின் சொல்லைத் திரட்டச் சொல்வது, பிள்ளையை வீட்டுத் தொழிலிலேயே கட்டிப்போடும் குலக்கல்வி ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அஞ்ச வேண்டிய கேள்வி. என் விடை இது: தந்தையின் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்பது வேறு; தந்தையின் தொழிலறிவை அறிவென்று பள்ளி ஒப்புக்கொள்வது வேறு. ரசமட்டம் என்று எழுதிய பையன் படித்தது கட்டடத் தொழில் அன்று; இயந்திரவியல். வயல் வேலை செய்யும் தாயின் மகள் செவிலியம் படித்தாள். எந்தப் பிரிவை எடுப்பது என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்த பின் மேலே செல்லும் கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

அந்தக் கதவுகள் இருக்கின்றன. தொழிற்கல்விப் பிரிவில் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவினருக்குத் தனி இடங்கள் உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்டு, ஊதியத்தோடு பயிற்சி பெறும் வாய்ப்பு இவர்களுக்கும் வந்தது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் தர வகுக்கப்பட்டவை. இவற்றை எப்போது சொல்கிறோம்? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளில் சொல்கிறோம். அதற்குள் பாதிப் பேர் தங்கள் கதை முடிந்தது என்று எண்ணிக் கிளம்பிவிடுகிறார்கள். பதினோராம் வகுப்பில் சேரும் நாளிலேயே, பெற்றோரையும் பக்கத்தில் அமர்த்தி, இன்னின்ன வழிகள் உண்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு அந்தப் பிரிவில் படித்து மேலே போனவர் ஒருவரை அழைத்து வந்து பேசச் செய்தால் இன்னும் நல்லது. தன்னம்பிக்கைப் பேச்சாளருக்குத் தரும் பயணப்படியில் பாதியை அவருக்குத் தரலாம்.

வட்டத்தாரிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. இந்த ஊரில் தொழிற்கல்விப் பிரிவு உள்ள பள்ளி இருக்கிறது. நம் வட்டத்தின் கவிதைப் போட்டி அறிவிப்பு ஆண்டுதோறும் அந்தப் பள்ளிக்குப் போகிறது; பொதுப் பிரிவு வகுப்புகளில் மட்டும் படிக்கப்படுகிறது. இவ்வாண்டு அறிவிப்பை நம்மில் ஒருவர் பட்டறைக்கே கொண்டுபோய், நேரில் படித்துச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நம் கவிஞர்கள் இருவர் அங்கே செல்லலாம். கவிதை எழுதக் கற்றுத் தருகிறோம் என்று போக வேண்டாம். ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்களிடம் சொல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கிற இடத்தில் நீங்களும் சொல்லுகிற இடத்தில் அவர்களும் இருக்கட்டும். அந்த ஏடுகளிலிருந்து தொழிற்சொல் அகராதி ஒன்றைத் தொகுத்து, எழுதியவர் பெயரை ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அச்சிட்டு, வட்டத்தின் வெளியீடாகக் கொண்டுவர வேண்டும். அச்சுச் செலவுக்கு என் பங்கைச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிட்டேன். பள்ளி திறக்கும் ஆனி மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமைக்கு யார் வருகிறீர்கள் என்று விழா முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கயிறும் மோதிரமும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பட்டறை ஆசிரியர் கண்டிப்பானவர்.